முன் டிஃபரன்ஷியல் பேரிங் பழுது

முன் டிஃபரன்ஷியல் பேரிங் பழுது என்பது நான்கு சக்கர இயக்கம் கொண்ட பிக்கப் வாகனங்களின் முன் அச்சில், பற்சக்கரங்களைத் தாங்கி நிற்கும் உருளைத் தாங்கிகள் தேய்ந்தோ, துருப்பிடித்தோ, உடைந்தோ போவதால் ஏற்படும் பழுதாகும். பேரிங் விலை குறைந்த உதிரிபாகம்தான். ஆனால் அது தாங்கும் கிரவுன், பினியன் என்னும் பற்சக்கர இணை விலை உயர்ந்தது. பேரிங் தளர்ந்தால் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடம் மாறிவிடும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பற்கள் உடைந்து முன் அச்சு பூட்டிக்கொள்ளவும், வாகனம் ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழக்கவும் கூடும்.

கெட்ட பேரிங்கைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவது இப்பழுதுபார்ப்பில் பாதி வேலை மட்டுமே. பழைய பேரிங் ஏன் கெட்டது எனக் கண்டறிவதும், புதியதைப் பொருத்தியபின் பற்சக்கரங்களின் இடைவெளியை அளந்து சரிசெய்வதும் மீதிப் பாதி. இவ்விரண்டையும் விட்டுவிட்டால் புதிய பேரிங்கும் விரைவில் கெட்டுவிடும்.

டிஃபரன்ஷியல் எதற்கு?

வாகனம் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். திருவொற்றியூர் தியாகராசர் கோயில் தேர் வீதி முனையில் திரும்பும்போது, வெளிப்பக்க வடத்தைப் பிடித்தவர்கள் வேகமாக நடப்பதும் உட்பக்கத்தில் இருப்பவர்கள் மெதுவாக அடியெடுத்து வைப்பதும் இதே காரணத்தால்தான். இரு சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் இடைவெளி உள்ள ஒரு வாகனம் செங்கோணமாகத் திரும்பினால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 2.36 மீட்டர் கூடுதலாக ஓடும். பிக்கப் வாகனச் சக்கரத்தின் சுற்றளவும் ஏறக்குறைய இவ்வளவுதான். அதாவது ஒரு திருப்பத்தில் வெளிச்சக்கரம் ஒரு முழுச் சுற்று அதிகமாகச் சுழல வேண்டும்.

இரு சக்கரங்களும் ஒரே தண்டில் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தால் இது இயலாது. டயர் தரையில் தேயும், தண்டு முறுக்கேறும். இயந்திரத்தின் விசையை இரு சக்கரங்களுக்கும் அளித்துக்கொண்டே அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் பற்சக்கர அமைப்பே டிஃபரன்ஷியல். 1827 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஒனெசிஃபோர் பெக்கேர் நீராவி வண்டிக்காக இதை வடிவமைத்தார்.

வடசென்னைச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சிறு சரக்கு வாகனங்களுக்குப் பின் சக்கரங்களில் மட்டுமே விசை செல்கிறது. அவற்றில் முன் டிஃபரன்ஷியல் கிடையாது. மகிந்திரா பொலேரோ கேம்பரின் நான்கு சக்கர இயக்க வகை, இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வாகனங்களில்தான் முன் அச்சிலும் டிஃபரன்ஷியல் உண்டு. சேறும் மணலும் உள்ள கட்டுமான இடங்கள், கடற்கரைப் பணித்தளங்கள் போன்றவற்றுக்குச் சென்றுவர இவ்வகை வாகனங்கள் பயன்படுகின்றன.

பேரிங்குகளின் இடமும் வேலையும்

இயந்திரத்திலிருந்து வரும் விசை, புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பினியன் எனப்படும் சிறு பற்சக்கரத்தை அடைகிறது. பினியன், கிரவுன் எனப்படும் பெரிய வளையப் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுன் ஒரு கூட்டின்மீது போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். கூட்டுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன், சன் கியர் ஆகிய சிறு பற்சக்கரங்களே வேக வேறுபாட்டுக்கு இடம் தருபவை. சன் கியரிலிருந்து ஆக்ஸில் ஷாஃப்ட்டுகள் இரு சக்கரங்களுக்கும் செல்கின்றன.

இந்த அமைப்பில் முதன்மையான பேரிங்குகள் நான்கு. பினியன் தண்டில் முன்னும் பின்னுமாக இரண்டு. கிரவுனைச் சுமக்கும் கூட்டின் இடமும் வலமுமாக இரண்டு. இவை பொதுவாகக் கூம்பு உருளைத் தாங்கிகளாக இருக்கும். பட்டறைகளில் இதை டேப்பர் பேரிங் என்பர். உருளைகளோடு கூடிய உள்வளையம் கோன் என்றும், வெளிவளையம் கப் என்றும் வழங்கும். அமெரிக்காவில் என்றி டிம்கன் 1898 ஆம் ஆண்டில் வண்டி அச்சுகளுக்கான இவ்வகை பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார்.

சாய்வான பற்கள் கொண்ட கிரவுனும் பினியனும் சுழலும்போது ஒன்றையொன்று பக்கவாட்டில் மட்டுமல்லாமல், தண்டின் நீளவாட்டிலும் தள்ளுகின்றன. இவ்விரு திசைச் சுமைகளையும் ஒருங்கே தாங்கும் ஆற்றல் கூம்பு வடிவத்தால் கிடைக்கிறது. ஆனால் அதே வடிவத்தால் ஒரு கட்டுப்பாடும் வருகிறது. கோனும் கப்பும் எவ்வளவு நெருக்கமாக அமுக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்தே பேரிங்கின் இறுக்கம் அமையும். தளர்வாக இருந்தால் தண்டு ஆடும். அதிகமாக இறுகினால் சூடேறி எரியும்.

உருளைத் தாங்கியின் ஆயுள் சுமைக்கேற்ப மிக விரைவாகக் குறையும் இயல்புடையது. சுமை இரு மடங்கானால் கணக்கிடப்பட்ட ஆயுள் பாதியாகாது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும்.

வடசென்னைச் சூழல்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகள் நீண்ட மோட்டார்த் தொழில் மரபு உடையவை. 1948 இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் ஆலை அமைத்தது; அதுவே 1955 இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. திருவொற்றியூரில் 1950களில் என்ஃபீல்டு மோட்டார்சைக்கிள் ஆலை அமைந்தது. சென்னைத் துறைமுகம், 2001 இல் செயல்பாட்டுக்கு வந்த எண்ணூர்த் துறைமுகம், மணலியின் ஆலைகள், காசிமேடு மீன்பிடித் துறைமுகம் ஆகியவற்றை நம்பி ஓடும் வாகனங்களும், அவற்றைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறைகளும் இங்கு ஏராளம்.

முன் டிஃபரன்ஷியல் பேரிங்கைப் பொறுத்தவரை இப்பகுதியில் நான்கு சூழல்கள் கேடு செய்கின்றன.

முதலாவது தேங்கும் நீர். டிஃபரன்ஷியல் உறை முழுதாக மூடப்பட்டதன்று. எண்ணெய் சூடாகும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற, பிரீதர் எனப்படும் சிறு காற்றுத்துளை இருக்கும். ஓடிச் சூடேறிய உறை வெள்ளநீரில் இறங்கியதும் திடீரெனக் குளிரும். உள்ளிருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் அடைபட்டிருந்தாலோ நீரில் மூழ்கினாலோ, ஆயில் சீல்களின் ஓரமாகவோ பிரீதர் வழியாகவோ நீர் உறிஞ்சப்படும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகளில் நீர் நாள்கணக்கில் தேங்கியது. அத்தகைய நீரில் நின்ற வாகனங்களின் டிஃபரன்ஷியல் எண்ணெயை உடனே மாற்றாவிட்டால், அதன் விளைவு சில மாதங்களுக்குப் பிறகுதான் ஒலியாக வெளிப்படும்.

இரண்டாவது உப்பு. கடற்காற்றும், மீன் பெட்டிகளிலிருந்து வடியும் பனிக்கட்டி நீரும் உறையின் வெளிப்புறத்தையும் பிரீதரையும் சீல் அமரும் இடங்களையும் அரிக்கின்றன. துருப்பிடித்த சீல் பகுதியில் ரப்பர் உதடு கிழிந்து, நீர் உள்ளே செல்ல வழி கிடைக்கிறது.

மூன்றாவது தூசி. சாம்பல், நிலக்கரித்துகள், மணல் ஆகியவை கலந்த புழுதி பழைய சீல் வழியாக எண்ணெயில் சேர்ந்தால், அது உருளைகளுக்கு இடையே உப்புத்தாளைப் போல வேலை செய்யும்.

நான்காவது, பலரும் எண்ணிப்பாராத ஒன்று: பயன்படுத்தாமை. துறைமுகச் சாலைகளில் ஓடும் வாகனத்துக்கு நான்கு சக்கர இயக்கம் அரிதாகவே தேவைப்படுகிறது. பல வாகனங்களில் இரு சக்கர இயக்கத்தில் ஓடும்போது முன் அச்சு துண்டிக்கப்பட்டுவிடும். ஒரு பக்க ஆக்ஸில் ஷாஃப்ட் மட்டும் துண்டிக்கப்படும் அமைப்பில், கூட்டுக்குள் உள்ள சிறு பற்சக்கரங்கள் சுழன்றாலும் கிரவுனும் பினியனும் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். கிரவுன் சுழன்று எண்ணெயை வாரி இறைத்தால்தான் மேலே உள்ள பினியன் பேரிங்குகளுக்கு எண்ணெய் கிடைக்கும். அது நின்றுவிட்டால் பேரிங்கின் மேற்பகுதி உலர்ந்து, உள்ளே இருக்கும் ஈரம் துருவை உண்டாக்கும். குண்டும் குழியுமான சாலையின் அதிர்வால் நின்ற இடத்திலேயே நடுங்கும் உருளைகள், வளையத்தில் வரிவரியாகத் தடம் பதிக்கும்.

பழுதின் அறிகுறிகள்

ஒலியே முதல் அறிகுறி. ஆனால் முன்பக்கத்திலிருந்து வரும் ஒலி எல்லாம் டிஃபரன்ஷியல் ஒலி அன்று. சக்கர ஹப் பேரிங், டயர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் இணைப்பு ஆகியவையும் ஏறக்குறைய இதே போன்ற ஒலியைத் தரும். அவற்றைப் பிரித்தறியச் சில வழிகள் உள்ளன.

ஹப் பேரிங் கெட்டிருந்தால், ஓடும்போது ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சற்றுத் திருப்ப, ஒலி கூடும் அல்லது குறையும். டிஃபரன்ஷியல் பேரிங் ஒலி இவ்வாறு பெரிதாக மாறாது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் ஒலி மாறினால், பினியன் பேரிங்கையோ பற்களின் பொருத்தத்தையோ ஐயுற வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தில் போட்டவுடன் மட்டும் ஒலி எழுந்தால் பழுது முன் டிஃபரன்ஷியல், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட், விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கும்.

ஒலியின் சுருதியும் உதவும். பற்சக்கர விகிதம் 4.1 எனக் கொள்வோம். வாகனம் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும்போது சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 425 முறை சுழலும். கூட்டின் பேரிங்கும் அதே வேகத்தில் சுழலும். பினியனோ 1,740 முறைக்கு மேல் சுழலும். எனவே கெட்ட பினியன் பேரிங் உயர்ந்த சுருதியில் ஊளையிடும். கூட்டின் பேரிங் தாழ்ந்த குரலில் உறுமும்.

ஒலியைத் தவிரப் பின்வரும் அறிகுறிகளும் உண்டு.

பினியன் பிளேன்ஜைக் கையால் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. சுழற்சியில் சிறிதளவு தளர்வு இயல்பானது. பிற திசைகளில் ஆட்டம் இருந்தால் அது பேரிங் பழுதாகும்.

பினியன் ஆயில் சீலில் கசிவு ஏற்பட்டு, புதிய சீல் போட்ட சில வாரங்களிலேயே மீண்டும் கசிந்தால், குறை சீலில் இல்லை. தண்டு ஆடுவதால் சீல் விரிந்துபோகிறது.

எண்ணெய் வடிக்கும் பிளக்கில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிற மாவு போன்ற பசை இருப்பது இயல்பு. செதில்களோ ஊசி போன்ற துணுக்குகளோ இருந்தால் உடனே பிரித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் நீர் கலந்துள்ளது.

கெட்ட பேரிங் சொல்லும் காரணம்

கழற்றிய பேரிங்கைக் குப்பைக்கூடையில் எறிவதற்கு முன் கழுவி, வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதன் மேற்பரப்பில் பழுதின் காரணம் எழுதப்பட்டிருக்கும்.

உருளைகளின் இடைவெளிக்கேற்ப வளையத்தில் கறுப்பான துருக்குழிகள் வரிசையாக இருந்தால், நீர் புகுந்து வாகனம் நின்றிருக்கிறது. பிரீதரையும் சீலையும் சரிசெய்யாமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் பயனில்லை.

அதே இடைவெளியில் மங்கலான ஆழமற்ற வரிகளும் செம்பழுப்புத் தூளும் இருந்தால், அசையாமல் நின்று அதிர்ந்ததன் விளைவு.

வளையமோ உருளையோ வைக்கோல் நிறம், பழுப்பு, நீலம் என நிறம் மாறியிருந்தால் மிகையான சூடு. எண்ணெய் குறைந்திருக்க வேண்டும் அல்லது முந்தைய பழுதுபார்ப்பில் பேரிங் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

மேற்பரப்பு முழுவதும் சிறு குழிகளும் கீறல்களும் இருந்தால் தூசியோ உலோகத்துணுக்கோ எண்ணெயில் கலந்துள்ளது.

ஒரு பகுதியில் மட்டும் உலோகம் செதில் செதிலாக உரிந்திருந்தால் மிகைச்சுமை அல்லது கோணல் பொருத்தம். பகுதிநேர நான்கு சக்கர இயக்கம் கொண்ட வாகனத்தை உலர்ந்த தார்ச்சாலையில் அதே இயக்கத்தில் ஓட்டினாலும், முன்பின் டயர்கள் வெவ்வேறு அளவில் இருந்தாலும் அச்சுகளில் முறுக்கேறி இத்தகைய மிகைச்சுமை உண்டாகும்.

சிறு உருகிய புள்ளிகள் காணப்பட்டால் மின்சாரம் பாய்ந்திருக்கலாம். அடிச்சட்டத்தில் வெல்டிங் செய்யும்போது எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் பொருத்தாமல் தொலைவில் பொருத்தினால், மின்னோட்டம் பேரிங் வழியே கடந்து செல்ல வாய்ப்புண்டு.

பழுதுபார்க்கும் முறை

கழற்றுதல்

வாகனத்தைச் சமதளத்தில் உயர்த்தி, உறுதியான தாங்குகால்களில் நிறுத்த வேண்டும்; ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக்கூடாது. எண்ணெயை வடித்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஆக்ஸில் ஷாஃப்ட்டுகள், முன் அச்சைத் துண்டிக்கும் கருவியின் மின்கம்பி அல்லது குழாய் ஆகியவற்றைக் கழற்றியபின் டிஃபரன்ஷியல் உறையை இறக்கலாம். ஷாஃப்ட்டும் பிளேன்ஜும் சேரும் இடத்தில் முதலிலேயே அடையாளம் இட்டால் மீண்டும் பூட்டும்போது சமநிலை மாறாது.

பிரிப்பதற்கு முன் அப்போதைய பேக்லாஷ் அளவைக் குறித்துக்கொள்வது நன்று. கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் இடையே உள்ள சிறு தளர்வே பேக்லாஷ்.

கூட்டின் பேரிங்குகளைப் பிடித்திருக்கும் இரு மூடிகள் உறையோடு சேர்த்துத் துளையிடப்பட்டவை. இடது மூடியை வலப்பக்கம் மாற்றிப் போட்டால் துளை வட்டமாக அமையாது. எனவே கழற்றும் முன்பே அடையாளம் இட வேண்டும். எந்தப் பக்கத்தில் எந்தச் சிம் இருந்தது என்பதையும் அவ்வாறே குறிக்க வேண்டும். சிம் என்பது இடைவெளியைச் சரிசெய்ய இடப்படும் மெல்லிய உலோக வளையம்.

கோனைப் புல்லர் கொண்டோ ஹைட்ராலிக் பிரஸ் கொண்டோ எடுக்க வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்து அடித்தால் தண்டில் வடு விழும். கழுவிய பேரிங்கைக் கம்பிரசர் காற்றால் சுழற்றி விளையாடுவது பட்டறைகளில் காணப்படும் ஆபத்தான பழக்கம். உருளைகள் சிதறிக் கண்ணைப் பறித்துவிடக்கூடும்.

உதிரிபாகத் தேர்வு

கோனும் கப்பும் இணையாகவே மாற்றப்பட வேண்டும். பழைய கப்பை அப்படியே விட்டுப் புதிய கோனை மட்டும் போடுவது வீண் செலவு.

மில்லிமீட்டர் அளவிலான பொதுவகை பேரிங்குகளின் எண்ணிலேயே உள்விட்டம் அடங்கியிருக்கும். 30206 என்ற எண்ணின் கடைசி இரு இலக்கங்களான 06 ஐ 5 ஆல் பெருக்கினால் 30 மி.மீ. உள்விட்டம் கிடைக்கும். இதன் வெளிவிட்டம் 62 மி.மீ. ஆனால் வாகன அச்சுகளில் அங்குல அளவு பேரிங்குகளும், தயாரிப்பாளருக்கென்றே செய்யப்பட்ட எண்களும் உண்டு. அவற்றுக்கு இந்த வாய்ப்பாடு பொருந்தாது. எண் பொருந்துவதோடு உயரத்தையும் அளந்து பார்ப்பது பாதுகாப்பானது. போலி பேரிங்குகள் சந்தையில் இருப்பதால், பெட்டியை மட்டும் பார்த்து வாங்காமல், பேரிங்கின்மீது பொறித்த எழுத்தின் தெளிவையும் கவனித்து, ரசீது தரும் கடையில் வாங்க வேண்டும்.

பினியனைப் பொருத்துதல்

புதிய கோனைச் சுத்தியலால் அடித்து இறக்காமல், ஏறத்தாழ 110 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி நழுவவிடலாம். 30 மி.மீ. உள்விட்டமுள்ள எஃகு வளையம் 80 பாகை கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 0.03 மி.மீ. விரியும். இறுக்கப் பொருத்தத்தைத் தளர்த்த இதுவே பெரும்பாலும் போதும். தீச்சுடரை நேரடியாகக் காட்டக்கூடாது. 120 பாகைக்கு மேல் போனால் எஃகின் கடினத்தன்மை குறையத் தொடங்கலாம்.

பினியன் தலைக்கும் உள் பேரிங்குக்கும் இடையே உள்ள சிம்மின் தடிமனே, பினியன் கிரவுனுக்குள் எவ்வளவு ஆழமாகச் செல்கிறது என்பதைத் தீர்மானிக்கும். அதே கிரவுன் பினியன் இணையையே மீண்டும் பயன்படுத்துவதானால் பழைய சிம்மிலிருந்து தொடங்கலாம். புதிய பேரிங்கின் உயரம் பழையதைவிட 0.05 மி.மீ. குறைந்திருந்தால் சிம்மில் 0.05 மி.மீ. கூட்ட வேண்டும்.

அடுத்தது முன்னிறுக்கம். பட்டறையில் இது ப்ரீலோடு எனப்படும். இரு பினியன் பேரிங்குகளும் ஒன்றையொன்று நோக்கிச் சிறிதளவு அமுக்கப்பட்டிருக்க வேண்டும்; அப்போதுதான் சுமை வரும்போது தண்டு விலகாது. பல வாகனங்களில் இரு பேரிங்குகளுக்கும் நடுவே நசுங்கும் தன்மையுள்ள ஒரு குழல் இருக்கும். நட்டை இறுக்க இறுக்கக் குழல் நசுங்கி முன்னிறுக்கம் கூடும். இந்தக் குழலை ஒருமுறை மட்டுமே பயன்படுத்தலாம். அளவுக்கு மீறி இறுக்கிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்கக்கூடாது. புதிய குழலைப் போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முன்னிறுக்கத்தை அளக்க, பினியனைச் சுழற்றத் தேவைப்படும் திருப்புவிசையைப் பார்க்க வேண்டும். புதிய பேரிங்குகளுக்கு இது பெரும்பாலும் 1 முதல் 3 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். சரியான அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டிலிருந்து எடுக்க வேண்டும். சிறிய அளவைக் காட்டும் டார்க் ரென்ச் இல்லாத பட்டறையில் வில்தராசு ஒன்றே போதும். 5 செ.மீ. ஆரமுள்ள பிளேன்ஜில் கயிற்றைச் சுற்றி, வில்தராசால் சீராக இழுக்கும்போது அது 3 கிலோ காட்டினால், திருப்புவிசை ஏறத்தாழ 1.5 நியூட்டன் மீட்டர் ஆகும். சுழலத் தொடங்கும் கணத்து அளவை எடுக்காமல், சுழன்றுகொண்டிருக்கும்போது காட்டும் அளவையே எடுக்க வேண்டும்.

பேக்லாஷ் சரிசெய்தல்

கூட்டைப் பொருத்தி மூடிகளை முறைப்படி இறுக்கியபின், டயல் கேஜின் முனையைக் கிரவுன் பல்லில் வைத்து, பினியனை அசையாமல் பிடித்துக் கிரவுனை முன்பின் அசைத்தால் பேக்லாஷ் தெரியும். பல பிக்கப் வாகனங்களில் இது 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கும். ஒரு தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. என்பதை நினைவில் கொண்டால் இந்த வேலையின் நுட்பம் விளங்கும். கையால் அசைத்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்லிவிடக்கூடிய அளவு அன்று இது.

பேக்லாஷ் அதிகமாக இருந்தால் கிரவுனைப் பினியனை நோக்கி நகர்த்த வேண்டும். குறைவாக இருந்தால் விலக்க வேண்டும். ஒரு பக்கத்தில் எடுத்த சிம்மின் தடிமனை மறுபக்கத்தில் சேர்த்தால் கூட்டின் பேரிங்குகளின் இறுக்கம் மாறாது. கிரவுனைச் சுற்றி நான்கு இடங்களிலாவது அளக்க வேண்டும். அளவுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டால் கிரவுன் கோணலாக அமர்ந்துள்ளது அல்லது அதன் அடியில் அழுக்கு சிக்கியுள்ளது.

பல் தடச் சோதனை

இறுதிச் சான்று பற்களே. கிரவுனின் சில பற்களில் அடையாளச் சாயத்தை மெல்லியதாகப் பூசி, கிரவுனுக்குச் சற்றுத் தடை கொடுத்துக்கொண்டு இரு திசைகளிலும் சுழற்றினால், பினியன் படும் இடத்தில் தடம் விழும். தடம் பல்லின் உயரத்தில் நடுவே அமைய வேண்டும். பல்லின் உச்சியை ஒட்டி விழுந்தால் பினியன் தொலைவில் உள்ளது. சிம் கூட்டி உள்ளே தள்ள வேண்டும். பல்லின் அடியை ஒட்டி விழுந்தால் பினியன் மிக ஆழத்தில் உள்ளது. சிம் குறைக்க வேண்டும். சிம் மாற்றும்போதெல்லாம் பேக்லாஷையும் மீண்டும் அளக்க வேண்டும். நசுங்கும் குழலை வீணாக்காமலிருக்க, தடம் சரியாகும் வரை குழல் இல்லாமல் தற்காலிகமாகப் பூட்டிப் பார்த்து, கடைசியில் புதிய குழலைப் போடுவது வழக்கம்.

பல்லில் உடைவோ ஆழமான குழியோ இருந்தால் கிரவுனையும் பினியனையும் இணையாகவே மாற்ற வேண்டும். தொழிற்சாலையில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துத் தரப்படும் இணை என்பதால், ஒன்றை மட்டும் மாற்றுவது முறையன்று.

மீண்டும் பூட்டுதல்

உறையின் உட்புறத்தையும் ஷாஃப்ட் குழாய்களையும் நன்கு கழுவ வேண்டும். உடைந்த பேரிங்கின் ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் புதிய பேரிங்கைக் கெடுக்கும். புதிய சீல்கள், துப்புரவான அல்லது புதிய பிரீதர், கையேடு குறிப்பிடும் தரத்தில் கியர் ஆயில் ஆகியவை இட வேண்டும். இத்தகைய பற்சக்கரங்களுக்கு ஜிஎல்-5 தர எண்ணெயே பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது. முதலில் சிறிது தூரம் மிதமான வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, பினியன் பகுதியின் சூட்டைப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடு அதிக இறுக்கத்தைக் காட்டும்.

தற்காலிகத் தீர்வுகளும் ஆபத்தும்

வண்டி ஒருநாள் நின்றால் ஒருநாள் வருமானம் போகும் ஓட்டுநர்கள், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை மட்டும் கழற்றிவிட்டுப் பின்சக்கர இயக்கத்தில் ஓட்டுவதுண்டு. ஆனால் சக்கரங்களோடு ஆக்ஸில் ஷாஃப்ட்டுகள் நிலையாக இணைந்துள்ள வாகனத்தில் இதனால் டிஃபரன்ஷியல் நிற்காது. சக்கரங்கள் அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். கெட்ட பேரிங் மேலும் சிதையும். பினியன் இறுகிப் பூட்டிக்கொண்டால் முன்சக்கரங்கள் இழுபடும். கண்டெய்னர் லாரிகள் நெருங்கி ஓடும் எண்ணூர் விரைவுச்சாலை போன்ற சாலையில் அதன் விளைவு உயிரிழப்பாகலாம்.

ஆக்ஸில் ஷாஃப்ட்டுகளையும் முழுதாகக் கழற்றிவிட்டு ஓட்டுவது இன்னும் ஆபத்தானது. பல வாகனங்களில் ஹப் பேரிங்கைச் சேர்த்துப் பிடித்திருப்பதே ஷாஃப்ட்டின் வெளிமுனையும் அதன் நட்டும்தான். அது இல்லாவிட்டால் சக்கரமே கழன்றுவிடக்கூடும். இரு பக்க ஹப்பிலும் துண்டிப்புப் பூட்டு உள்ள வாகனங்களில் மட்டும், அவற்றை விடுவித்துப் பட்டறை வரை ஓட்டிச் செல்லலாம்.

பழைய எண்ணெய்

பயன்படுத்திய எண்ணெய் 2016 ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளின்கீழ் வருகிறது. அதை மூடிய கலனில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே சேர்ப்பிக்க வேண்டும். பட்டறை வாசலின் வடிகாலில் ஊற்றப்படும் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகவும் கொசஸ்தலை ஆறு வழியாகவும் எண்ணூர் முகத்துவாரத்தையும் கடலையும் சேரும். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, மீனவர்களின் படகுகளும் வலைகளும் அலையாத்திக் காடுகளும் பாதிக்கப்பட்டன. இறாலும் நண்டும் பிடித்து வாழ்வோரின் நீர்நிலை அது என்பதால், ஒரு வண்டியின் ஒன்றிரண்டு லிட்டர் எண்ணெயும் பொருட்படுத்தத்தக்கதே.

தடுப்பு முறைகள்

சக்கர அச்சளவு நீரில் வாகனம் இறங்கினால், பழுது தெரியும் வரை காத்திராமல், அடுத்த சில நாள்களுக்குள் டிஃபரன்ஷியல் எண்ணெயைத் திறந்து பார்க்க வேண்டும். நிறம் மாறியிருந்தால் மாற்ற வேண்டும். பிரீதரை ஒவ்வொரு பராமரிப்பின்போதும் துப்புரவு செய்து, இயலுமாயின் குழாய் பொருத்தி உயரமான இடத்துக்குக் கொண்டுசெல்லலாம். மீன் ஏற்றும் வாகனங்களின் அடிப்பகுதியை நல்ல நீரால் கழுவ வேண்டும். ஆனால் அழுத்தமான நீர்ப்பாய்ச்சலைச் சீல்கள்மீது நேராகக் காட்டக்கூடாது.

நான்கு சக்கர இயக்கம் தேவைப்படாவிட்டாலும், மாதம் ஒருமுறையாவது மணலோ மண்ணோ உள்ள வழுக்கும் தரையில் சில கிலோமீட்டர் அவ்வியக்கத்தில் ஓட்டுவது நல்லது. எண்ணெய் மேலே ஏறிப் பேரிங்குகளை நனைக்கும். உருளைகள் நின்ற இடத்தைவிட்டு நகரும். நான்கு டயர்களும் ஒரே அளவிலும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்திலும் இருக்க வேண்டும்.

தொழிற்பயிற்சி நிலையங்களின் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் பயில்வோருக்குப் பேரிங்கை மாற்றும் முறை கற்பிக்கப்படுகிறது. அதோடு டயல் கேஜைப் படிக்கவும், கழற்றிய பேரிங்கின் தடத்தைப் பார்த்துக் காரணம் சொல்லவும் பழகியவரிடம் சென்ற வாகனம் அதே பழுதுக்காக இரண்டாம் முறை பட்டறைக்கு வருவது அரிது.